மலிவாகக் கட்டிய பாலம் மலிவானதா?



2006 டிசம்பர் அடைமழையில் ஜொகூரோடு மலாக்காவும் நெகிரி செம்பிலானும் பகாங்கும் வெள்ளத்தில் சிக்கின. சேற்றைக் கழுவி முடிப்பதற்குள், 2007 ஜனவரியில் ஜொகூரில் மறுபடியும் வெள்ளம்.

'ஐம்பது ஆண்டு வெள்ளம்' என்றால், ஒருமுறை வந்தபின் 50 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றுக்கு 2 வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு நிற்கும் பாலம் அதை ஒருமுறையாவது சந்திக்க நூற்றுக்கு 45 வாய்ப்பு!

ஓர் உதாரணம். ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். லயத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடை. சிறிய பாலத்துக்கு 80,000 வெள்ளி. பெரியதற்கு 120,000 வெள்ளி. வெள்ளம் புரண்டால் பழுதுபார்க்க 30,000 வெள்ளி எனக் கொண்டால் கணக்கு என்ன?

சிறிய பாலம் பத்தாண்டு வெள்ளத்துக்கே தாங்காது. 30 ஆண்டில் சராசரி மூன்று முறை பழுது. மொத்தம் 170,000 வெள்ளி. பெரியது ஐம்பதாண்டு வெள்ளம்வரை தாங்கும். அதன் பழுதுச் செலவு சராசரி 18,000, மொத்தம் 138,000 வெள்ளிதான். பாலம் உடைந்த நாட்களில் போகும் சம்பளமும், பிள்ளைகள் இழக்கும் பள்ளி நாட்களும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத தவிப்பும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

2021 இறுதியில் தொடங்கிய வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 610 கோடி வெள்ளி எனப் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதில் பொதுச் சொத்துகளுக்கும் அடிப்படை வசதிகளுக்கும் நேர்ந்தது மட்டும் சுமார் 200 கோடி. கட்டும்போது மிச்சம் பிடிப்பதெல்லாம் இலாபமாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே பாலமோ, பள்ளிக் கட்டடமோ, ஆலய மண்டபமோ கட்டும் செயற்குழுக்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இங்கே தண்ணீர் எதுவரை ஏறியது? அதைத் தோட்டத்துப் பெரியவர்களும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவும் சொல்வார்கள். ஆண்டுதோறும் கால்வாயைத் துப்புரவு செய்யப்போவது யார், அதற்குப் பணம் எங்கே? 30 ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

குறைந்த விலைப்புள்ளியில் கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். அதன் விலையைக் கட்டுவோர் அடுத்த தலைமுறைப் பிள்ளைகள்.