படகு வாங்கியாச்சு, பாயை யார் பார்த்துக்கறது?

சென்னையில ஒரு சின்ன பாய்மரப் படகு வாங்கி, லீவு நாள்ல கடலுக்குப் போகணும்னு ஆசைப்படறவங்களுக்கான எபிசோட் இது. படகைப் பத்தி யூடியூப்ல வீடியோவுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா பெரும்பாலும் குளிர் தேசத்துல எடுத்தது. நம்ம ஊர் வெயில்லயும் உப்புக் காத்துலயும் ஒரு பாய் எப்படித் தாக்குப்பிடிக்கும்? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல்ல, இது ஏன் முக்கியம்? கோடைக்காலத்துல மதியவாக்குல நம்ம ஊர்ல கடல்காத்து ஆரம்பிக்கும். வீட்டு மொட்டை மாடியில நிக்கற நமக்கு அது சுகம். படகுல இருக்கறவங்களுக்கு அது கரையைப் பார்த்துத் தள்ளற காத்து. துறைமுகத்துல இருந்து தெற்கே வந்தா மெரினா, சாந்தோம், பெசன்ட் நகர், கோவளம்னு நீளமான மணல் கரை, வழியெல்லாம் அலை உடையுது. ஒதுங்கி நங்கூரம் போட வாகான இடம் கிடையாது. அங்க பாய் கிழிஞ்சு, மோட்டாரும் ஸ்டார்ட் ஆகலைன்னா, படகு நேரா அலை உடையற இடத்துக்குத்தான் போகும்.

கபாலி கோயில்ல இருந்து கிழக்கே நடந்தா கொஞ்ச நேரத்துல நொச்சிக்குப்பம் வந்துடும். இன்னைக்கு அங்க நிக்கற ஃபைபர் போட் எல்லாம் மோட்டார்லதான் ஓடுது. முன்னாடி கட்டுமரத்துல பாய் கட்டித்தான் கடலுக்குப் போனாங்க. அந்தக் காலத்துப் பருத்திப் பாயை ஈரத்தோட சுருட்டி வச்சா மக்கிப் போகும். அதனால கவனிச்சே ஆகணும். இப்ப இருக்கற பாய் டேக்ரான், அதாவது பாலியஸ்டர். மக்காது. அதனாலயே நாம அலட்சியமா விட்டுடறோம். ஆனா அதுக்கு வேற ஒரு எதிரி இருக்கு: வெயில். புற ஊதாக் கதிர் பாலியஸ்டர் இழையைக் கொஞ்சம் கொஞ்சமா பலவீனமாக்கும். வெளியில பார்த்தா பாய் வெள்ளையா, நல்லாத்தான் இருக்கும்.

ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல, சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்துல ஆரம்பிச்சது. அப்ப இருந்தே நம்ம துறைமுகத்துல பாய்மரப் படகு ஓடுது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன், நம்ம சென்னைப் பொண்ணுதான். அவங்க ஓட்டற மாதிரி சின்ன ரேஸ் படகுல, ஓட்டி முடிச்சதும் பாயைக் கழட்டிச் சுருட்டி உள்ள வச்சுடுவாங்க. க்ரூஸிங் படகுல அப்படி இல்ல. ஞாயித்துக்கிழமை ஓட்டிட்டு, மத்த ஆறு நாளும் பாயைப் படகுலயே விட்டுட்டு வந்துடறோம். அந்த ஆறு நாள் வெயில்தான் பாயைத் தின்னுது.

சரி, வாங்கும்போது என்ன பார்க்கணும்? இருபத்தஞ்சு அடி படகுக்கு, சதுர மீட்டருக்கு 220-ல இருந்து 260 கிராம் வரை எடையுள்ள டேக்ரான் போதும். கிராஸ்-கட் தையல் கேளுங்க. எளிமையானது, விலை குறைவு, ரிப்பேரும் சுலபம். பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டின லேமினேட் பாய் வேகமா போகும், ஆனா நம்ம புழுக்கத்துல அடுக்குகளுக்கு நடுவுல பூஞ்சை புகுந்துட்டா எடுக்கவே முடியாது. பெரிய பாயில, அதாவது மெயின்செயில்ல, காத்து ஏறினா பாயைச் சின்னதாக்க ரெண்டு வரிசை ரீஃப் கண்டிப்பா இருக்கணும். முன்பாய் சுருட்டி வைக்கற வகைன்னா, சுருட்டினதுக்கு அப்புறம் வெளியில தெரியற ஓரத்துல வெயில் தாங்கற துணிப்பட்டை தைச்சிருக்கான்னு பாருங்க. மெயின்செயிலுக்கு ஒரு உறை வாங்கிடுங்க. புதுப் பாயோட விலைக்கு முன்னாடி உறை விலை ஒண்ணுமே இல்ல.

செகண்ட் ஹேண்ட் பாய்னா, துணிக்கு முன்னாடி தையலைப் பாருங்க. நூல் துணிக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கறதால வெயில் முதல்ல அதைத்தான் அடிக்கும். கட்டைவிரல் நகத்தால தையலை அழுத்திச் சுரண்டுங்க. நூல் அறுந்தா, மொத்தப் பாயையும் மறுபடி தைக்கணும்னு அர்த்தம். துணி நல்லா இருந்தா அது நஷ்டம் இல்ல, விலையைக் குறைச்சுப் பேச ஒரு காரணம். ஆனா துணியே கையில கிழியற நிலைமையில இருந்தா வாங்காதீங்க. தைக்கறதுக்கு, வெயில் தாங்கற தடிமனான பாலியஸ்டர் நூல், ஜிக்ஜாக் தையல். பருத்தி நூல் வேண்டாம்.

அடுத்தது துவைக்கறது. உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அதோட படிகம் துணியைத் தேய்க்கும். அதனால நல்ல தண்ணியில அலசறதுதான் பாதி பராமரிப்பு. நம்ம ஊருக்கு மொட்டை மாடியை விட நல்ல இடம் கிடையாது. தரையைக் கூட்டிக் கழுவிட்டு பாயை விரிங்க. மிதமான லிக்விட் சோப், மிருதுவான பிரஷ், பச்சைத் தண்ணி. வாஷிங் மெஷின், சுடு தண்ணி, பிரஷர் வாஷர், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. பூஞ்சைக் கறைக்கு, தண்ணி நிறைய கலந்த பிளீச்சை டேக்ரான்ல பயன்படுத்தலாம், அப்புறம் நல்லா அலசணும். ஸ்பின்னக்கர் மாதிரி நைலான் பாயில பிளீச் படவே கூடாது, இழை கெட்டுடும். காய வைக்கும்போது கொடியில கட்டிப் படபடன்னு அடிக்க விடாதீங்க. அந்தப் படபடப்பு துணியோட பிசினை உடைச்சு, பாயைத் தொளதொளன்னு ஆக்கிடும். கடல்லயும் இதே கதைதான்: பாய் சும்மா அடிச்சுக்கிட்டே இருந்தா, அதோட ஆயுசு குறையுது.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, கடலும் கொந்தளிப்பா இருக்கும். படகு சும்மா நிக்கப்போகுதுன்னா பாயைக் கழட்டி, கறை, கிழிசல், தேய்மானம் எல்லாம் பார்க்க அதுதான் நேரம். கம்பியில உரசற இடமும் பாயோட மூலைகளும்தான் முதல்ல போகும். முழுசா காய்ஞ்சதும் ஒவ்வொரு தடவையும் மடிப்பு இடத்தை மாத்தி தளர்வா மடிச்சு, காத்தோட்டமான அறையில வைங்க.

பாண்டிச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, தில்னாவோட சேர்ந்து 56 அடி 'தாரிணி'யில 2024 அக்டோபர்ல கோவாவுல கிளம்பி, உலகத்தைச் சுத்திட்டு 2025 மே மாசம் திரும்பினாங்க. படகுல ரெண்டே பேர். தெற்குப் பெருங்கடல் நடுவுல தையல் விட்டா கூப்பிட அங்க யாரும் கிடையாது. நம்ம பயணம் கோவளம் வரைக்கும்தான். ஆனா அலை உடையற கரைப் பக்கம் நமக்கும் அதே நிலைமைதான். அதனால இந்த வாரம் ஒரே ஒரு வேலை: படகுல ஏறி, நகத்தால தையலைச் சுரண்டிப் பாருங்க. நூல் அறுந்துதா, தாங்குச்சான்னு எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல கயிறு, முடிச்சு பத்திப் பேசலாம்.