கிஸ்திக்குக் கிட்டி போட்ட காலம்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் இன்று நிலவரிக்காகத் தூக்கம் கெடுகிறவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். 170 வருஷத்துக்கு முன்னால் கிஸ்தி என்றாலே வயிறு கலங்கும். பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியதே 1895-இல்தான். அதற்கு முன் ஆறு வற்றினால் வெள்ளாமை போச்சு. கிஸ்தி மட்டும் போகாது.

சென்னை மாகாணம் முழுக்கக் கிஸ்தி வசூலுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கிட்டி என்று பேர். ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள். நடுவே விரலை வைத்து நெரிப்பது. இன்னொன்று அண்ணாந்தாள். ஆளைக் குனியவைத்து, கழுத்தில் போட்ட கயிற்றைக் கால் பெருவிரலோடு இழுத்துக் கட்டி வெயிலில் விட்டுவிடுவார்கள். முதுகில் கல்லும் ஏற்றுவதுண்டு. அப்போது போலீசும் தாசில்தார் கையில்தான். அடிக்கச் சொன்னவரிடமே போய், அடித்தார்கள் என்று பிராது கொடுக்க வேண்டும்!

இதை அம்பலப்படுத்தியவர் ஒரு சென்னைப் பட்டணத்து வியாபாரி, கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806-இல் பிறந்தவர். அப்பாவின் அவுரிச் சாய வியாபாரத்தில் தொழில் பழகி, மதராஸ் கைக்குட்டைகளைக் கப்பலேற்றிச் சம்பாதித்தவர். 1844-இல் ‘கிரசென்ட்’ என்று ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார். ஹார்லி என்ற வெள்ளைக்காரரை ஆசிரியராக வைத்தார். துரைமார்கள் படிக்க வேண்டுமே! அரசாங்கத் தயவோடு நடந்த மதமாற்ற முயற்சிகளை எதிர்ப்பதுதான் அதன் முதல் வேலை. குடியானவன் பக்கம் அவர் பார்வை திரும்பியது பிறகுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கினார். மறு வருஷம் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்க வேண்டும். சந்தை கூடும் நேரம் வியாபாரிக்குத் தெரியாதா? வரிச்சுமை, வசூல் கொடுமை, சாலைக்கும் பாசனத்துக்கும் அரசு காட்டும் கஞ்சத்தனம் எல்லாவற்றையும் எழுதிப் பார்லிமென்டுக்கு மனு அனுப்பினார்.

1853-இல் டான்பி சீமோர் என்ற பார்லிமென்ட் உறுப்பினர் சென்னைக்கு வந்தார். செட்டி அவரைக் குடியானவர்களிடமே கூட்டிப்போனார். சீமோர் பார்த்ததையும் கேட்டதையும் அடுத்த வருஷம் லண்டன் சபையில் எழுப்ப, கம்பெனி வேறு வழியில்லாமல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் போட்டது.

கமிஷன் உட்கார்ந்தது சென்னையில். ரயில் இல்லாத காலம். தென்னாட்டின் முதல் ரயில் ஓடியதே 1856-இல். கம்பத்திலிருந்து ஒருவர் போய்ச் சொல்வதென்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மாட்டுவண்டி, இல்லாவிட்டால் நடை. அப்படியிருந்தும் மாகாணம் முழுவதிலிருந்தும் நேரிலும் கடிதத்திலுமாக ஏறக்குறைய 2,000 பிராதுகள் குவிந்தன.

1855-இல் வந்த அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் பழியை உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் கட்டி, துரைமார்களை நோகாமல் விட்டுவிட்டது. கிட்டியை நெரித்த கை நம்மவர் கைதான். இவ்வளவு வசூலாக வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கியது யார்? அந்தக் கேள்விக்குள் கமிஷன் அதிகம் போகவில்லை. என்றாலும் 1859-இல் வந்த சட்டம் போலீசைத் தாசில்தாரிடமிருந்து பிரித்தது.

1863-இல் செட்டி சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். ஓட்டுப்போட்டு யாரையும் அனுப்பாத காலம் அது. அதே சபையில் பின்னால் உத்தமபாளையத்துப் பி.டி. ராஜன் தேர்தலில் ஜெயித்து உட்கார்ந்தார். 1936-இல் சில மாதம் மாகாணத்தின் முதல்வராகவும் இருந்தார்.

பத்திரிகை, சங்கம், மனு என்று செட்டி செலவழித்ததில் பெரும்பங்கு சொந்தப் பணம். வியாபாரமும் நொடித்தது. 1868-இல் இறந்தபோது அவர் ஏழை. சங்கமும் மெல்லப் படுத்துவிட்டது. அதன் இடத்தில் சென்னை மகாஜன சபை பிறக்க 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.