ஜாப் கார்டில் எழுதலைன்னா, சொல்லவே இல்லைன்னு அர்த்தம்

(வேலூர் – ஆம்பூர் வட்டார வாகன உரிமையாளர்கள், தோல் தொழிற்சாலைப் பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கார் வாங்கும்போது ஷோரூமில் நம்மை எப்படி நடத்துறாங்கன்னு உங்களுக்கே தெரியும். காபி, கைகுலுக்கல், அட்டையில் செஞ்ச பெரிய சாவி, குடும்பத்தோட ஒரு போட்டோ. அதே கட்டடத்தின் பின்பக்கம்தான் சர்வீஸ் பிரிவு. அங்கே போனா வேற உலகம். காலையில் ஒன்பது மணிக்கு வண்டியை விட்டா, மாலை நாலு மணிக்கு போன் பண்றேன்னு சொன்னவர் போனையே எடுக்க மாட்டார். ஆறு மணிக்கு நாமே போய் நின்னா, "சார், எல்லாம் ஓகே, டெஸ்ட் டிரைவ் பார்த்தாச்சு" என்பார். பணம் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டுவோம். அதே சத்தம் திரும்பவும் கேட்கும்.

வேலூர்க்காரர்கள் திரும்பிப் போய்க் கேட்டுவிடலாம். ஆம்பூரிலிருந்து போகிறவருக்கு ஒரு தடவைக்கு ஐம்பது கிலோமீட்டர். வண்டியை விட்டுட்டு பஸ் ஏறி வரணும், எடுக்கிறதுக்கு மறுபடி பஸ் ஏறிப் போகணும். ஷூ கம்பெனியில் வேலை செய்யுறவங்களுக்கு அது ரெண்டு நாள் லீவு, ரெண்டு நாள் சம்பளம். மூணாவது தடவை போகும்போது கோபம் வரத்தான் செய்யும். கவுன்டரில் நின்னு கத்துறோம். "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார்" என்ற பதிலைக் கேட்டுட்டுத் திரும்பி வர்றோம்.

கத்தினதுக்கு எந்த ஆதாரமும் மிஞ்சுறதில்லை. அதனாலதான் இன்றைக்கு ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேசலாம்னு வந்தேன். வண்டியை விடும்போது போடுவாங்களே, அந்த ஜாப் கார்டு.

உங்க தொழிலையே எடுத்துக்கோங்க. ஷூ லைனில் தையல் விட்டுப்போன ஒரு அப்பரை செக்கிங்ல இருக்கிற அம்மா சும்மா "சரியில்லை"ன்னு சொல்லித் தூக்கிப் போடுறாங்களா? கோளாறு எந்த இடத்தில் இருக்கோ அந்த இடத்தில் சின்னதா ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. தையலா, ஒட்டா, தோலில் கீறலா என்று ரிப்போர்ட்டில் குறிப்பாங்க. வெளிநாட்டு பையர் ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பினாலும் காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குவோம். இவ்வளவு கறாராக வேலை பார்க்கிற ஊர்க்காரங்க, சொந்த வண்டியை சர்வீஸுக்கு விடும்போது மட்டும் "ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துட்டு வந்துடுறோம்.

சர்வீஸ் அட்வைசர் அதை எப்படி எழுதுவார்? "நாய்ஸ் செக்." ரெண்டே வார்த்தை. சத்தம் எங்கே, எப்போ, எந்த வேகத்தில் என்று ஒண்ணும் இருக்காது. நாளைக்கு நீங்க எந்த இடத்துல புகார் கொடுத்தாலும் அந்த ரெண்டு வார்த்தையைத்தான் எடுத்து வைப்பாங்க: "செக் பண்ணச் சொன்னார், செக் பண்ணினோம்." அவங்க சொல்றது பொய்யும் இல்லை.

அதனால் நீங்க சொன்னது சொன்னபடி கார்டில் ஏறணும். "மூணாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்க இடது சக்கரத்தில் கடகடவென்று சத்தம். இதே புகாருக்காக ரெண்டாவது முறை வருகிறேன்." ரெண்டாவது முறை என்ற வார்த்தையை விட்டுடாதீங்க. ஒவ்வொரு தடவையும் புதுப் புகாராகப் பதிவானா, நீங்க மூணு தடவை அலைஞ்சது எந்த ரெக்கார்டிலும் இருக்காது. அட்வைசர் எழுத மறுத்தா சண்டை வேண்டாம். அங்கேயே நின்னு, அதே வாசகத்தை அவருடைய வாட்ஸ்அப்புக்கும் டீலர்ஷிப்பின் மெயிலுக்கும் அனுப்பிடுங்க. தேதியும் நேரமும் தானாகவே பதிவாயிடும்.

வண்டியை விடும்போது கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் முள், நாலு பக்கமும் பாடி, இதையெல்லாம் ஒரு நிமிஷம் வீடியோ எடுங்க. சத்தத்தையும் வழியிலேயே பதிவு செஞ்சுக்கோங்க, ஆனா பக்கத்தில் இருக்கிறவர் எடுக்கணும், ஓட்டுறவர் வேண்டாம். எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க. "இதுக்கு மேல செலவு வந்தா என்னைக் கேட்ட பிறகுதான் வேலை" என்று ஒரு வரி சேருங்க. மாத்தின பழைய பார்ட்ஸைத் திருப்பித் தரணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. கிளட்ச் பிளேட் மாத்தினோம்னு சொன்னா, பழைய பிளேட்டைப் பார்த்தாதானே நம்ப முடியும்?

பில் விஷயத்துக்கு வர்றேன். நீங்க கேக்காத ஏ.சி. கிளீனிங், இன்டீரியர் பாலிஷ், இன்ஜின் டிகார்ப் எல்லாம் பில்லில் ஏறியிருக்கும். "பணம் கட்டினாதான் கேட் பாஸ்" என்பாங்க. இங்கே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். செஞ்ச வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு பழுது பார்ப்பவருக்கு உரிமை தருது. அதனால் கேட்டில் நின்னு மல்லுக்கட்டினா உங்க நாள்தான் வீணாகும். "கேட்காத இந்த வேலைகளுக்கான தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று பில்லின் நகலில் எழுதி, போட்டோ எடுத்து, அவங்களுக்கே அனுப்பிட்டு வண்டியை எடுத்துட்டு வாங்க. கேள்வியை அப்புறம் கேக்கலாம். ஆனா பில் இல்லாம ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க. செய்த சேவைக்கு பில் தராம இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைன்னு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லுது.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு போன் வரும். அதுக்கு முன்னாடியே அட்வைசர் கெஞ்சியிருப்பார்: "சார், கம்பெனியிலிருந்து கேப்பாங்க, பத்துக்குப் பத்து சொல்லிடுங்க, இல்லைன்னா எனக்கு இன்சென்டிவ் போயிடும்." பாவமாத்தான் இருக்கும். இரக்கப்பட்டு பத்துன்னு சொல்லிட்டா, கோளாறு தீர்ந்ததா நீங்களே பதிவு செஞ்சு கொடுத்த மாதிரி. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அந்த அழைப்பு கம்பெனியின் ரெக்கார்டில் நேரடியாக ஏறும் உங்க குரல்.

அடுத்தது, பலரையும் பயமுறுத்துற வாசகம்: "வெளியில கை வைச்சா வாரண்டி போயிடும்." 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாம செய்தது, வெளி மெக்கானிக்கிடம் போனா வாரண்டி ரத்துன்னு கட்டுப்பாடு வைத்தது, இவைதான் அங்கே பேசப்பட்ட விஷயம். வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. அந்தத் தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்பது அந்த உத்தரவின் சாரம். அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் போனது தனிக்கதை. நான் சொல்வது இவ்வளவுதான்: வாரண்டி காலத்தில் குறிப்பிட்ட கால சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே செய்யுங்க. அவசரத்துக்கு பைபாஸ் ஓரத்து மெக்கானிக்கிடம் பெல்ட் மாத்தினா, அதுக்கும் பில் வாங்கி வைங்க. பெல்ட் மாத்தினதுக்கும் பவர் விண்டோ வேலை செய்யாததுக்கும் என்ன சம்பந்தம் என்று கேக்க அந்த பில் வேணும்.

சரி, எழுத்தெல்லாம் சேர்ந்தாச்சு, வண்டி மட்டும் சரியாகலை. எங்கே போறது? சிலர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மனு எழுதுறாங்க, சிலர் காவல் நிலையம் போறாங்க. சர்வீஸ் குறைபாட்டுக்கு ரெண்டும் சரியான இடம் இல்லை. முதலில் சர்வீஸ் மேனேஜருக்கு மெயில், பிறகு தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் புகார் எண். இதுக்கும் அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். 88000 01915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதியலாம். அவங்க புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேப்பாங்க. அது கோர்ட் இல்லை, உத்தரவு போடும் அதிகாரம் அவங்களுக்குக் கிடையாது. ஆனா டீலர் கண்டுக்காத புகார் தலைமை அலுவலகத்தின் மேசைக்குப் போறதே பல நேரம் போதும்.

போதலைன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரில்தான் பெரும்பாலும் வழக்குப் போடணும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் நீங்க குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்கு உரிய ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். சென்னையிலோ பெங்களூரிலோ வாங்கின வண்டியானாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள் போடணும். வக்கீல் கட்டாயம் இல்லை. 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொலி வழியாக ஆஜராக அனுமதியும் கேக்கலாம். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மிஞ்சிப்போனா இன்னும் 15 நாள். அதுக்கு மேல் ஒருநாள் கூட நீட்டிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிடுச்சு. வழக்கை மூணு மாதத்தில் முடிக்கணும், சோதனை தேவைப்பட்டா ஐந்து மாதம் என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் இழுக்கும், அதை மறைச்சு என்ன பயன்?

நம்ம பகுதிக்கு முக்கியமான ஒண்ணு இருக்கு. விடியற்காலையில் கிராமம் கிராமமாகப் போய் பெண்களை ஏத்திக்கிட்டு ஷூ கம்பெனி வாசலில் இறக்கிவிடுற வேன்காரர்கள் இங்கே எத்தனை பேர்? ஜாப் ஒர்க் அப்பர்களை ஏத்திப் போற சின்ன டெம்போ வைச்சிருக்கிறவங்க? "உங்க வண்டி வணிக வண்டி, நீங்க நுகர்வோரே இல்லை" என்று டீலரின் வக்கீல் முதல் வரியிலேயே எழுதுவார். அதை நம்பிப் பின்வாங்கினவங்க உண்டு.

1995-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. லக்ஷ்மி இன்ஜினியரிங் என்ற நிறுவனம், நம்ம கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் மெஷின் வாங்கின விவகாரம். மெஷின் வாங்கினவர் தோற்றார், அவர் வாங்கியது வணிக நோக்கத்துக்குன்னு முடிவாச்சு. ஆனா அந்தத் தீர்ப்பு தந்த உதாரணங்கள் நமக்கு வேணும். பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், தானே லாரி ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான், உதவிக்கு ஒண்ணு ரெண்டு பேரை வைச்சதாலேயே அந்தத் தகுதி போயிடாதுன்னு அதில் இருக்கு. இன்றைய சட்டமும் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதலை. அதனால் மனுவிலேயே எழுதுங்க: "இந்த ஒரே வேனை நானே ஓட்டுகிறேன். இதுதான் என் குடும்பத்தின் வருமானம்." பத்து வேன் வைச்சு ஆள் போட்டு ஓட்டுகிற முதலாளி இதைச் சொல்ல முடியாது.

வேன் நின்ன நாட்களுக்குக் கணக்கு வைங்க. மாத்து வண்டிக்குக் கொடுத்த வாடகை, கம்பெனி பிடித்த தொகை எல்லாத்துக்கும் ரசீது. நஷ்டஈடு கேக்கும்போது "மன உளைச்சல்" என்ற ஒரு வார்த்தையை விட இந்த ரசீதுகள் பலமாகப் பேசும்.

என்ன கேக்கணும் என்பதிலும் நிதானம் வேணும். எடுத்த எடுப்பில் "புது வண்டி கொடு" என்று எழுதுறவங்க அதிகம். மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட 2006-ஆம் ஆண்டு வழக்கில், வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ தரும் உறுதிமொழி, அதை வைச்சு முழு வண்டியையும் மாற்றக் கேக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அடிப்படையிலேயே தயாரிப்புக் கோளாறுன்னு சொல்லணும்னா தகுதியுள்ள பொறியாளரின் அறிக்கை வேணும். ஆணையத்திடமே சோதனைக்கு அனுப்பச் சொல்லியும் கேக்கலாம். வெறும் சர்வீஸ் குறைபாடுன்னா அதை மட்டும் கேளுங்க. இலவசமாகச் சரிசெய்யணும், கட்டின பணம் திரும்ப வரணும், நஷ்டம் வரணும்.

யார் மேல் போடுவது? கோவாவில் ஒருவர் 2011-ல் புதுக் காருக்குப் பணம் கட்டினார். டீலர் 2009-ல் தயாரான வண்டியைத் தலையில் கட்டப் பார்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் விடுவிக்கப்பட்டது, ஏன்னா டீலர் செய்தது அந்த நிறுவனத்துக்குத் தெரியும்னு காட்ட எதுவும் இல்லை. டீலரின் பொறுப்பு மட்டும் நின்னது. நீங்க ரெண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். ஆனா டீலர் என்ன செஞ்சார், நிறுவனம் என்ன செய்யத் தவறியது என்று தனித்தனியா எழுதணும். வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போட்டுப் புகார் எண் வாங்கச் சொன்னதுக்கு இதுதான் காரணம். அதுக்கப்புறம் "எங்களுக்குத் தெரியாது" என்று அவங்க சொல்ல முடியாது.

இவ்வளவுதான் நான் பேச வந்தது. கேள்வி இருக்கிறவங்க கேக்கலாம். ஜாப் கார்டும் பில்லும் போனில் வைச்சிருக்கிறவங்க முன் வரிசைக்கு வாங்க, ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சுப் பார்க்கலாம்.