நீரோடு போகும் சத்து
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "வேலைவாய்ப்பு, இன்டர்வியூ பத்தியெல்லாம் வேற ரெண்டு பேர் பேசறாங்க. நீ வீட்டுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார். அதனால் வைட்டமின்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மெக்கானிக்கல் படிச்சவனுக்கும் வைட்டமினுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. நெல் ஊறவைக்கும் தொட்டி, அவிக்கும் பாய்லர், ட்ரையர், பாலிஷர், இவைதான் என் பிழைப்பு. இந்த இயந்திரங்களுக்குள்ளேதான் ஒரு வைட்டமின் தங்குவதும் தொலைவதும் தீர்மானமாகிறது.

நம் ஆரணி இரண்டு பொருள்களுக்குப் பேர் போன ஊர். ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. இரண்டுக்கும் பளபளப்புதான் விலை. கச்சாப் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசையை எடுக்கிறோம். எடையில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும், ஆனால் மினுமினுப்பு வரும். அதில் நஷ்டமில்லை, பட்டை யாரும் சாப்பிடுவதில்லை. அரிசியையும் அப்படியே பளபளப்பாக்க நினைத்தால் வருகிறது வினை. அங்கே நாம் தேய்த்து எடுப்பது தவிடு. தவிட்டோடு சேர்ந்து போவது பி1 என்னும் தயமின்.

முதலில் கொஞ்சம் பாடம். வைட்டமின்களில் இரண்டு சாதி. ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. பி குடும்பத்தில் எட்டு, அதோடு சி ஒன்று, ஆக ஒன்பதும் நீரில் கரைபவை. கொழுப்பில் கரைவது வங்கி டெபாசிட் மாதிரி, உடம்பில் சேர்த்து வைக்கலாம். நீரில் கரைவது தினக்கூலி மாதிரி, அன்றாடம் வரவேண்டும். மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். பி12 மட்டும் விதிவிலக்கு. கல்லீரல் அதை வருஷக்கணக்கில் சேமித்து வைக்கும். அதனாலேயே அதன் குறைவு வெளியே தெரியவும் வருஷங்கள் ஆகும். சத்தமில்லாமல் வரும் நோய் அது.

இனி அரிசிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி ஆலைகள் வந்து, வெள்ளை வெளேர் என்ற பச்சரிசி மலிவாகக் கிடைத்தது. கூடவே பெரிபெரி என்ற நோய் கிழக்காசியா முழுக்கப் பரவியது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கி இதயம் நின்றுவிடும். ஜாவா தீவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், வெள்ளைச் சோறு தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தீட்டாத அரிசி போட்டதும் அவை எழுந்து நடப்பதையும் கவனித்தார். 1929-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்.

நமக்கு நெருக்கமான சாட்சியம் மலாயாவில் இருக்கிறது. அங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பச்சரிசி சாப்பிட்டார்கள், பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அதே நாட்டில் தோட்ட வேலைக்குப் போன நம் தமிழர்களிடம் அந்த நோய் அபூர்வமாகவே இருந்தது. காரணம், அவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். 1905, 1906-இல் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார். விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து எண் கொடுத்து, ஒற்றைப்படைக்கு ஓர் அரிசி, இரட்டைப்படைக்கு ஓர் அரிசி என்று பிரித்தார். கட்டடத்தில் கோளாறோ என்ற சந்தேகம் வராதபடி நடுவில் இரண்டு அணியையும் இடம் மாற்றினார். பச்சரிசி அணியில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி அணியில் அந்த நோயால் ஒருவர்கூட இறக்கவில்லை. தம்பிகளே, சோதனை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். ஆனால் அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள், சம்மதமா என்று யாரும் கேட்காத நோயாளிகள். அதையும் மறக்கக் கூடாது.

நம் சென்னை மாகாணத்திலும் இதே கதைதான். வடக்கே கடலோர ஆந்திர மாவட்டங்களில் பச்சரிசி, அங்கே பெரிபெரி. தெற்கே தமிழ் மாவட்டங்களில் புழுங்கல் அரிசி, இங்கே அது அரிது. இதை ஆராய 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் மெக்கரிசன் 'பெரிபெரி ஆய்வு' தொடங்கினார். அந்த ஓர் அறைதான் 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. தயமினின் கட்டமைப்பைக் கண்டு 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் அமெரிக்கர்தான், ஆனால் பிறந்த ஊர் நெல்லூர்.

சரி, புழுங்கல் அரிசியில் அப்படி என்னதான் நடக்கிறது? இங்கேதான் இன்ஜினியர் வருகிறான். நெல்லை உமியோடு ஊறவைக்கிறோம். தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பக்கம் நகர்கிறது. பிறகு ஆவியில் அவிக்கிறோம். மாவுச்சத்து வெந்து இறுகி, உள்ளே போன சத்தை அங்கேயே பூட்டிவிடுகிறது. அப்புறம் காயவைத்து, உமி நீக்கி, தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் மில் பச்சரிசியில் தயமின் 0.06 மில்லிகிராம், மில் புழுங்கல் அரிசியில் 0.21. மூன்றரை மடங்கு! நியாசின் என்ற பி3-யும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தவிட்டில் 2.70 மில்லிகிராம் தயமின் இருக்கிறது, அது மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிறது.

யோசித்துப் பாருங்கள். நீரில் கரைவதுதான் இந்த வைட்டமினின் பலவீனம். அந்தப் பலவீனத்தையே வழியாக்கி, அதே நீரைக்கொண்டு சத்தை உள்ளே அனுப்பிப் பூட்டியிருக்கிறார்கள் நம் முன்னோர். அவர்களுக்குத் தயமின் என்ற பேர் தெரியாது. அவித்த நெல் உடையாமல் அரைபடும், பூச்சி குறைவு, சோறு குழையாது என்பதற்காகச் செய்தார்கள். சத்து அதோடு கிடைத்த கொசுறு.

ஆனால் மில்லில் காப்பாற்றியதை அடுப்படியில் விட்டுவிடுகிறோம். அரிசி வெள்ளையாகும்வரை நாலு தண்ணி அஞ்சு தண்ணி கழுவுகிறோம். நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்து ஊற்றுகிறோம். பச்சரிசியாக இருந்தால் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சமும் அதோடு சரி. இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். காஷ்மீரில், தீட்டிய அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவிச் சமைத்துச் சாப்பிட்ட தாய்மாரின் கைக்குழந்தைகள் தயமின் குறைவால் ஆஸ்பத்திரிக்கு வந்ததை இந்த நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இது பெரிய ஆபத்து. சாப்பாடு குறைந்து, சாராயம் தயமினை உடம்பில் ஏறவிடாமலும் செய்ய, மூளையே பாதிக்கப்படும்.

அடுத்து ஃபோலிக் அமிலம், அதாவது பி9. தங்கைகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய் வந்து, நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. ஒரு நெசவு ஊருக்காரனாக இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை. தறி ஓட்டிய பெண்களின் ரத்தத்திலிருந்துதான் உலகத்துக்கு இந்தச் சத்து தெரியவந்தது. 1945-இல் அமெரிக்காவில் அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்.

கருவில் குழந்தையின் முதுகுத்தண்டுக் குழல் மூடுவது முதல் 28 நாளில். அதற்குள் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால் கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கீரை, பயறு, பருப்பு வகைகளில் இது உண்டு. கீரை பச்சைப்பசேல் என்று இருக்கணும், பருப்பு சீக்கிரம் வேகணும் என்று சோடா உப்பு போடாதீர்கள். அது தயமினையும் சி-யையும் கெடுக்கும்.

பி12 பற்றிச் சொல்ல வீட்டு விஷயம் ஒன்று. எங்க சித்தப்பா தறிக்காரர். பாதம் எரியுது, மரத்துப்போகுது என்பார். "தறிக்குழியில காலைத் தொங்கவிட்டு உக்கார்ந்தா அப்படித்தாம்ப்பா" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்வார். சர்க்கரைக்குப் பல வருஷமாக மாத்திரை. சுத்த சைவம், மோர்கூட இறங்காது. ரத்தம் பார்த்தால் பி12 மிகக் குறைவு. இந்தச் சத்து கறி, மீன், முட்டை, பால், தயிரில்தான் உண்டு, செடி கொடியில் கிடையாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்டநாள் சாப்பிட்டாலும் பி12 ஏறுவது குறையும். கால் மரப்புக்குத் தறியும் காரணமாகலாம், சர்க்கரையும் ஆகலாம், பி12-ம் ஆகலாம். எது என்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும். காலம் தாழ்த்தினால் நரம்பு திரும்பாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாயோரம் புண், நாக்கு சிவந்து எரிவது பி2 குறைவாக இருக்கலாம். பால், முட்டை, கீரை உதவும். தக்காண மேட்டுநிலத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் கருத்து உரியும் பெல்லாக்ரா வந்தது, பி3 சம்பந்தப்பட்டது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதை ஹைதராபாத்தில் விரிவாக ஆராய்ந்தார். வைட்டமின் சி-க்கு ஆரஞ்சு தேடி அலைய வேண்டாம். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை மூன்றுமே அதை மிஞ்சும். கீரையிலுள்ள இரும்பு உடம்பில் ஏற எலுமிச்சம்பழம் ஒரு மூடி பிழிந்தால் போதும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு ஏறாது. தறிக்காரர் வீடுகளில் டீ கணக்கு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

ரேஷன் அரிசியில் "பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கு, தண்ணியில மிதக்குது" என்று பேசியதைக் கேட்டிருப்பீர்கள். அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு சத்துகளைப் பிசைந்து இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்த மணி, நூற்றுக்கு ஒன்று என்று கலந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் இந்தத் திட்டத்தை விரிவாக்குவதாக அறிவித்தார். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு, 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12 என்பது அளவு. கட்டாயப் பட்டியலில் தயமின் இல்லை. ஆகவே புழுங்கல் அரிசியின் வேலை தீர்ந்துவிடவில்லை.

அதற்காக எல்லோரும் மருந்துக்கடைக்குப் போய் "ஒரு சத்து ஊசி போடுங்க" என்று கையை நீட்டக் கூடாது. மிஞ்சினால் வெளியேறும் என்றேன், ஆனால் பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். குறை இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவர் சொன்ன அளவே போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது சின்னச் சின்ன வேலைகள்தான். புழுங்கல் அரிசி வாங்குங்கள், பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றிரண்டு தடவை கழுவினால் போதும். கழுநீர் மாட்டுக்குப் போகட்டும், வடித்த கஞ்சி மனுஷனுக்கு வரட்டும். பழைய சோற்று நீராகாரத்தைக் கொட்டாதீர்கள், கரைந்தது அதில்தான் இருக்கிறது. காயைக் கழுவிவிட்டு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவாதீர்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் நினைவுப் பரிசும் சால்வையும் கொடுக்கிறோம், சந்தோஷம். அந்தச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, வருஷத்துக்கு ஒருநாள் இந்த வளாகத்திலேயே ரத்தப் பரிசோதனை முகாம் வைப்போம். முதலில் விடுதித் தங்கைகளுக்கு ஹீமோகுளோபின், அடுத்து ஊரில் தறி நெய்யும் பெரியவர்களுக்குச் சர்க்கரையும் பி12-ம். நம் பேட்ச்சில் டாக்டரைக் கட்டிக்கொண்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் தப்பிக்க முடியாது. முதல் வருஷச் செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மீதியை இந்த அரங்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.