வண்ணம் அரைத்தவரின் முகம்



மலையை, மரத்தை வரைந்த படத்தைத் தாண்டிப் போயிடுறோம். முகம் வரைந்த படத்தை அப்படித் தாண்ட முடியல. அது நம்மைத் திரும்பிப் பார்க்குது. 'மனித மாண்பு' என்று ஒரு சொல்லில் இதை முடித்துவிடுவார்கள் அழகியல்காரர்கள். எனக்கு அது போதவில்லை. வரையப்பட்டவர் யாருக்குச் சொந்தமாக இருந்தார்?

1650, ரோம். ஸ்பெயின் அரசரின் ஓவியர் வெலாஸ்க்கஸ் ஒருவரை வரைகிறார். வெள்ளைப் பின்னல் கழுத்துப்பட்டை, மார்புக்குக் குறுக்கே மடித்த கை, கறுத்த முகம், நேர்ப்பார்வை. யாரோ பிரபு என்றுதான் நினைப்போம். அவர் ஹுவான் டி பரேஹா, ஆப்பிரிக்க வம்சாவளி, வெலாஸ்க்கஸின் அடிமை. போப் பத்தாம் இன்னசென்டை வரைவதற்கு முன் கைப்பழக்கத்துக்காக இதை வரைந்தாராம். பலோமினோ 1724-ல் எழுதுகிறார். பட்டறையில் பரேஹா வண்ணம் அரைக்கலாம், தூரிகை தொடக்கூடாது என்றிருந்ததாகவும் அவரே எழுதுகிறார். தொடக்கூடாது! நமக்கு விளக்கம் வேண்டாத சொல்.

முடித்த படத்தைப் பரேஹாவிடமே கொடுத்து நண்பர்களிடம் காட்டிவரச் சொன்னாராம். படத்தோடு பேசுவதா, ஆளோடு பேசுவதா என்று அவர்கள் திகைத்தார்களாம். ஓவியரின் திறமைக்கு இதைச் சான்றாகச் சொல்லுவாங்க. தன் முகத்தைத் தானே சுமந்துபோன அந்த மனிதரிடம் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா?

மார்ச்சில் பாந்தியனில் படத்தை வைத்தார்கள், ரோமே மெச்சியது. விடுதலைப் பத்திரம் நவம்பர் 23-ல்தான். அதிலும், இன்னும் நாலு வருஷம் உழைக்கணும். வங்கியில் பத்திரம் பார்த்துப் பழகிய எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த நிபந்தனைதான். 1970-ல் லண்டன் ஏலத்தில் இதே படம் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்த முகம் அது இல்ல. 1661-ல் பரேஹா தானே வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' மாட்ரிட் பிராடோவில் இருக்கிறது. மூணு மீட்டருக்கு மேல் அகலம். இயேசு மத்தேயுவைக் கூப்பிடுகிறார். இடது ஓரத்தில் பரேஹா நிற்கிறார். இயேசுவைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். கையில் ஒரு தாள். அதில் அவருடைய பெயர். கவுன்ட்டரில் தினமும் போட்டோவையும் கையெழுத்தையும் ஒத்துப் பார்க்கிறவன் நான். முகம் மட்டும் இருந்தா பணம் தரமாட்டோம். பரேஹா ரெண்டையும் ஒரே சட்டகத்துல வெச்சுட்டார்.

நிறத்தை வெளுப்பாக்கி, மூக்கைக் கூராக்கிக்கொண்டார் என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. உண்மைதான், வெலாஸ்க்கஸ் காட்டிய கறுப்பு இதில் இல்லை. நான் குறை சொல்லத் தயாராக இல்லை. வாடகைக்கு வீடு பிடிக்க ஊர்ப்பேரை மாத்திச் சொல்லுகிற நம்ம ஆட்களை எனக்குத் தெரியும்.

கறுப்பின வரலாற்றைத் தாள் தாளாகச் சேகரித்த ஆர்தர் ஷாம்பர்க், 1926-ல் நியூயார்க்கிலிருந்து கடல் கடந்து மாட்ரிட் போனார், இந்த ஓரத்து ஆளைத் தேடி.