பிடிக்காத தூண்டில்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வேலைவாய்ப்பு, மேற்படிப்பு, சொந்தத் தொழில் என்று உருப்படியான விஷயங்களைப் பேசிவிட்டார்கள். மிச்சம் எதுவும் இல்லை. செயலாளரிடம் போய், "என்னப்பா பேசட்டும்?" என்று கேட்டேன். "உனக்குத்தான் மீன் பைத்தியம் ஆச்சே, அதையே பேசு" என்று சொல்லிவிட்டார். ஆகவே மீன் பிடிப்பதைப் பற்றித்தான். அதிலும், மீன் நன்றாகக் கிடைத்தும் மீன் பிடிக்கிறவர்களுக்கே பிடிக்காத சில முறைகளைப் பற்றி.

நான் இருப்பது அமெரிக்காவில் அலபாமா மாநிலம், ஹன்ட்ஸ்வில். பக்கத்தில் கன்டர்ஸ்வில் என்று ஒரு ஏரி. டென்னசி ஆற்றின் குறுக்கே 1939-ல் கட்டி முடித்த அணையால் உண்டானது. சுமார் 69,000 ஏக்கர். அங்கே எல்லோரும் தேடிப் போவது பாஸ் என்கிற மீன். நம்ம விராலுக்கும் அதற்கும் உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் குணம் ஒன்றுதான். பாசிக்குள்ளே, கட்டைக்கு அடியிலே பதுங்கி இருக்கும். இரை பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல்.

இந்த மீனுக்காக அங்கே போட்டிகள் நடக்கின்றன. ரே ஸ்காட் என்பவர் 1967-ல் ஆர்கன்சாஸில் பீவர் ஏரியில் நடத்திய போட்டியில்தான் இந்தக் கதை பெரிதாக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஐந்து மீன், அவற்றின் மொத்த எடை, அவ்வளவுதான் கணக்கு. 'கிளாசிக்' என்கிற பெரிய போட்டியின் முதல் பரிசு மூன்று லட்சம் டாலர். இதில் மண்புழு, தவளை எதுவும் ஆகாது. ரப்பர், மரம், பிளாஸ்டிக், இரும்பு என்று செய்த பொய்யிரைதான்.

மூன்று லட்சம் டாலர் இருக்கிற இடத்தில் எது மீன் பிடிக்குமோ அதைத்தானே எல்லோரும் போடுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லீங்க. மனிதனுக்கு அவமானம் என்று ஒன்று இருக்கிறது.

'கரோலினா ரிக்' என்று ஒன்று. முக்கால் அவுன்ஸ் குண்டு, அதற்குக் கீழே ஒரு மணி, ஒரு சுழலி, அப்புறம் மூன்று நான்கு அடி நரம்பு, கடைசியில் முள்ளும் ரப்பர்ப் புழுவும். கட்டுவதற்கே மூன்று முடிச்சு. வீசினால் காற்றில் தட்டாமாலை சுற்றும். கல்லில் மாட்டி அறுந்தால் மறுபடி முதலிலிருந்து எல்லாம் கட்ட வேண்டும். தூண்டில்காரர்கள் இதற்கு வைத்திருக்கிற செல்லப் பெயர் 'குண்டும் சங்கிலியும்'. கைதியின் காலில் மாட்டுவார்களே, அது. ஆனால் 1985-ல் ஜாக் சான்சலர் என்பவர் ஆர்கன்சாஸ் ஆற்றில் கிளாசிக் ஜெயித்தது இதே முறையில்தான். அவர் போட்ட புழுவின் பெயரைக் கேளுங்கள்: 'ஒன்றும் செய்யாத புழு'. வால் ஆடாது, மினுக்காது. நேராக ஒரு குச்சி. கடையில் பார்த்தால் யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.

கஷ்டத்தால் வருகிற வெறுப்பு இது. உடம்பு வலியால் வருவது இன்னொன்று. ஆழத்தில் போகிற 'கிராங்க்பெயிட்' என்று ஒரு பொய்யிரை. முகத்தில் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். இழுக்க இழுக்கக் கீழே போகும். நாள் முழுக்க அதை இழுத்தால் ராத்திரி சோற்றுக் கையைத் தூக்க முடியாது. பால் இலையஸ் என்பவர் 1982 கிளாசிக்கில் இன்னும் ஒரு படி போனார். படகில் மண்டி போட்டு, கோலைத் தண்ணீருக்குள்ளே செருகி இழுத்தார். இரை இன்னும் சில அடி ஆழம் போகும் என்பதற்காக. பார்க்கக் கண்ணராவியாக இருந்திருக்கும். ஜெயித்தது அவர்தான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வெறுப்பு. கௌரவ வெறுப்பு. தென் மாநிலங்களில் ஆண்பிள்ளை என்றால் தடித்த கோல், தடித்த நரம்பு, மீன் மாட்டினால் ஒரே வெட்டில் மேலே. மெல்லிய கோலும் ஸ்பின்னிங் ரீலும் எடுத்தால் 'தேவதை கையில் இருக்கிற மந்திரக்கோல்' என்று கேலி செய்வார்கள். அந்த மெல்லிய கோலில் போடுவதுதான் 'டிராப் ஷாட்'. குண்டு நரம்பின் கடைசியில். அதற்கு ஒரு முழம் மேலே சின்ன முள், விரல் நீளப் புழு. குண்டு தரையில் உட்கார்ந்திருக்கும், புழு தண்ணீரில் நின்ற இடத்திலேயே நடுங்கும். நீங்கள் செய்ய வேண்டியது சும்மா இருப்பது. ஜப்பானில் வளர்ந்து, கலிபோர்னியா வழியாக 1990-களில் அமெரிக்காவுக்கு வந்த முறை. தண்ணீர் தெளிவாகி, மீன் பயந்து, வேறு எதையும் தொடாத நாளில் இது மீன் கொடுக்கும். ஏன் என்றால், பாஸ் பாதி நேரம் பசியில் இருப்பதில்லை. பசி இல்லாத மீனுக்கு முன்னால் எதையாவது வேகமாக ஓட்டினால் விட்டுவிடும். ஒரே இடத்தில் நின்று ஆடுவதைப் பார்த்தால் சும்மா வாயில் வைத்துப் பார்க்கும். மீனுக்குக் கை இல்லையே.

என்னை முதன்முதலில் ஏரிக்குக் கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். லேத் பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். கிராங்க்பெயிட் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எழுபத்திரண்டு வயதில் அவருக்குத் தோளில் ஆபரேஷன் ஆயிற்று. டாக்டர், கனமாக இழுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் மெல்லிய கோல் ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மனுஷர் அதைக் கையால் தொடவில்லை. "என் பேத்திக்குக் கொடு" என்றார். இரண்டு வருஷம் ஏரிப் பக்கமே வரவில்லை. படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அவர் மனைவி என்னிடம் தனியாகச் சொன்னார்: "இவர் இப்படி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் சீக்கிரம் போய்விடுவார்." அதைக் கேட்டதிலிருந்து இது எனக்கு வெறும் பொழுதுபோக்கு விஷயமாக இல்லை.

கடைசியில் அவரை மாற்றியது நான் இல்லை, அந்தப் பேத்திதான். கோல் அவளிடம்தான் போயிருந்தது. ஒன்பது வயது. முடிச்சு போடத் தெரியாது. முடிச்சு போட்டுத் தர ஒரு ஆள் வேண்டும் என்று தாத்தாவை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் முடிச்சு மட்டும் போட்டார். மூன்றாம் நாள், "இப்படி ஆட்டாதே, இங்கே கொடு" என்று கையில் வாங்கினார். அப்புறம் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு தடவை அந்தக் கோலைத் திட்டிவிட்டுத்தான் மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறார்.

சரி, எல்லா வெறுப்பும் இப்படிக் கரைந்துவிட வேண்டியதுதானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பால் இலையஸ் 2011 அக்டோபரில் எங்கள் கன்டர்ஸ்வில்லுக்கு வந்தார். ஒரே நரம்பில் குடைக்கம்பி மாதிரி ஐந்து கம்பி, ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் மீன். 'அலபாமா ரிக்' என்று பெயர். சின்ன மீன் கூட்டம் போவது போலவே இருக்கும். நான்கு நாளில் 20 மீன், 100 பவுண்டுக்கு மேல் எடை. மறுவாரம் கடைகளில் அது கிடைக்கவில்லை. 2012-ல் ரே ஸ்காட் ஆரம்பித்த சங்கமே தன் பெரிய போட்டிகளில் இதைத் தடை செய்தது. டென்னசி மாநிலத்தில் இதில் மூன்று முள்ளுக்கு மேல் வைக்கக்கூடாது. நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். கனம் கை மூட்டைக் கழற்றும். மீன் கிடைக்கிறது. ஆனால் எங்கே இருக்கும், என்ன தின்னும் என்று யோசிக்கிற வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இப்போது அதற்கும் மேலே, படகின் முன்னால் இருக்கிற மீனைத் திரையில் நேரடியாகக் காட்டும் சோனார். 2018-ல் கார்மின் கம்பெனி கொண்டுவந்தது பரவியது. மீன் இரையைப் பார்த்துத் திரும்புவதுகூடத் தெரியும். இளைஞர்கள் தண்ணீரைப் பார்ப்பதே இல்லை, திரையைப் பார்க்கிறார்கள். போட்டிக்காரர்களில் பாதிப் பேர் கொதிக்கிறார்கள். மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு 2025 பருவத்தில், ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று விதி கொண்டுவந்தது. இதையும் கிழவர்களின் பொறாமை என்கிறார்கள். என் மகனும் அதைத்தான் சொல்கிறான். அவனுக்கு நான் சொல்கிற பதில்: டிராப் ஷாட் என் கௌரவத்தை மட்டும்தான் கேட்டது, ஏரியைப் படிக்கிற வேலையை என்னிடமே விட்டுவைத்தது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. போன நவம்பரில் அவன் பதினொரு மீன், நான் இரண்டு.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அவன் அந்தத் திரையைக் காட்டினான். ரொம்ப நேரம் பார்த்தார். பேத்தி இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள். அவளுக்கு வாங்கித் தரலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

செயலாளர் மணியை எடுத்துவிட்டார். நம் விடுதிக்குப் பின்னால் இருக்கிற குளத்தில் விரால் இன்னும் இருக்கிறது என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் மத்தியானம் சொன்னார். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு நான் அங்கே இருப்பேன். மெல்லிய கோல் இரண்டு கொண்டுவந்திருக்கிறேன். வருகிறவர்கள் வரலாம்.