பாயை விரிப்பது யார்?



உல்லாசப் பயணத்திற்கென இன்று கடலில் உலவும் பாய்மரக் கப்பல்களை ஓரினமாகக் கருதுவது பொருந்தாது. பாய்கள் எல்லாவற்றிலும் உண்டு. பொறியும் எல்லாவற்றிலும் உண்டு. பாயை விரிப்பது யார், பொறி ஓய்வது எப்போது என்னும் இரு வினாக்களே பயணியின் அனுபவத்தை வேறுபடுத்துகின்றன.

1986இல் பிரான்சின் லெ ஆவ்ர் நகரில் கட்டப்பட்ட 'விண்ட் ஸ்டார்' நான்கு பாய்மரங்களும் ஆறு முக்கோணப் பாய்களும் உடையது. பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறியின் ஆணைப்படி அவை சில நிமிடங்களில் விரிந்துவிடும். கயிறு இழுக்கும் மாலுமியைக் காண்பதரிது. கப்பல் சாயத் தொடங்கினால் தொட்டிகளில் உள்ள நீர் இடம் மாறி நிமிர்த்துகிறது. பயணியின் கையிலுள்ள கிண்ணம் தளும்பாது. அப்பாய்கள் வெறும் அலங்காரம் என்பார் உளர். அது கடுமையான தீர்ப்பு. காற்று இசைந்தால் அவை எரிபொருளை மிச்சப்படுத்தவே செய்கின்றன. எனினும், காற்றோடு மனிதன் நடத்தும் பேரத்தைப் பயணி அங்கே காண்பதில்லை.

சுவீடனைச் சேர்ந்த மிக்கேல் கிராஃப்ட் வேறு வழியில் சென்றார். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் உருவான அவருடைய 'ஸ்டார் ஃப்ளையர்' 1991இலும், 'ஸ்டார் கிளிப்பர்' 1992இலும் பயணம் தொடங்கின. இவற்றில் கயிறுகள் திறந்த மேல்தளத்திலேயே இயங்குகின்றன. விரும்பும் பயணி தாமும் கைகொடுக்கலாம். கடல் அமைதியாக இருக்கும் வேளையில் பாதுகாப்புக் கச்சை அணிந்து பாய்மரத்தில் ஏறலாம். முகப்பில் நீண்டிருக்கும் மரத்தின் கீழுள்ள வலையில் படுத்தபடி, அலையைக் கப்பல் பிளப்பதைக் காணலாம்.

2000இல் வந்த 'ராயல் கிளிப்பர்' ஐந்து பாய்மரங்களும் 42 பாய்களும் கொண்டது. அதற்கு முன்மாதிரி 1902இல் ஜெர்மனியில் கட்டப்பட்ட 'பிராய்சன்' என்னும் சரக்குக் கப்பல். அதற்கு உந்துபொறி கிடையாது. 1910இல் ஆங்கிலக் கால்வாயில் அதன் வேகத்தைக் குறைத்து மதிப்பிட்ட நீராவிக் கப்பல் ஒன்று குறுக்கிட்டு மோதியது. சேதமுற்ற பிராய்சன் புயலில் சிக்கி டோவர் அருகே பாறைகளில் ஒதுங்கி அழிந்தது. இன்றைய பாய்மரக் கப்பலில் பொறி இருப்பதைப் பழிப்போர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

மூன்றாம் வகைக்குச் சான்று 'சீ கிளௌட்'. 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் அமெரிக்கச் செல்வக் குடும்பம் ஒன்றிற்காக உருவானது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடலோரக் காவற்படையிடம் சேர்ந்தபோது, சங்கத்தமிழ் 'கூம்பு' என்றழைத்த பாய்மரங்களை அது இழந்தது. பின்னர் அவற்றை மீண்டும் பெற்றது. இங்கே முப்பது பாய்களையும் விரிப்பவை மனிதக் கைகளே. மாலுமிகள் கயிற்றேணிகளில் ஏறிப் பாய்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றனர். பயணிக்கு ஏற அனுமதியில்லை. அண்ணாந்து பார்ப்பதே அவர் பங்கு. உழைப்பைப் பார்ப்பதற்கும் உழைப்பில் கலப்பதற்கும் இடையே உள்ள தூரம் இங்குப் புலப்படுகிறது.

எந்தக் கப்பலாயினும் பகைவன் ஒன்றே: கால அட்டவணை. காலையில் குறித்த துறையை அடைந்தாக வேண்டுமெனில், காற்று எதிர்த்த இரவில் பொறி முழங்கியே தீரும். ஆதலின் மெய்யான பாய்ப்பயணம் வேண்டுவோர், தீவுக்குத் தீவு தாவும் வாரப் பயணத்தைவிட, பருவமாற்றத்தின்போது கிளிப்பர் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணத்தையே தேர்வது தகும். நாள்தோறும் தொட வேண்டிய துறை அங்கில்லை. காற்று இசைந்த நாள்களில் பொறி அணைந்துவிடும். கயிறுகளின் முனகலும் நீர் பக்கச்சுவரில் உரசும் ஓசையுமே எஞ்சும்.